சங்கு குரல் இறக்கிய கதை

சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் மில்லில் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியாது. சங்கு என்று கேட்டால் போதும், வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை கை காட்டுவார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு ஊதுகிற மில் சங்கு ஒருநாள் பழுதாகி நின்றுவிட, இவர் தறிக்கூடத்து வாசலில் நின்று போட்ட ஒரு சத்தத்தில் ஷிஃப்டே மாறிவிட்டதாம். அன்றிலிருந்து அவர் சங்கு. இது நடந்ததா, கட்டிவிட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவர் குரலை ஒருதரம் கேட்டவர்களுக்கு விசாரிக்கத் தோன்றாது.

அங்கே அவர் ஃபிட்டர். தறிகள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் வாயை அகலமாகத் திறந்து, உதட்டை நன்றாக வளைத்து, மெதுவாகப் பேசுவார்கள். கேட்கிறவர் காதைக் கொடுக்க மாட்டார், கண்ணைக் கொடுப்பார். மற்றவர்கள் வாயசைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சங்கு மட்டும் வாயோடு தொண்டையையும் சேர்த்துத் திறந்தார். தறியை ஜெயிக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு. அவர் மனைவியும் அதே மில்தான், நூல் சுற்றும் பிரிவு. கல்யாணமான பிறகும் நீண்ட காலம் வேலைக்குப் போனாள்.

மில் சத்தம் மில்லோடு நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. சங்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். துண்டு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் துண்டைத் தேடுவார்கள். டீ ஆறியிருந்தால் ஒரு கத்தல், சட்டையில் பொத்தான் இல்லையென்றால் ஒரு கத்தல், ஒன்றுமே இல்லையென்றால் ஏன் ஒன்றுமே இல்லை என்று ஒரு கத்தல். கேட்டால், "நான் ஒருநாளும் கை நீட்டினதில்லை, தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். கை நீட்டாததற்கு ஊர்கூடிப் பாராட்டுவிழா எடுக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவியின் உடம்பு ஒருதரம் குறுகும், ஒரு கை தானாக மார்புக்கு வரும். கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு நகராது. "என் பொண்டாட்டியைப் பாருங்க, நான் பேசினா முகத்தைப் பாத்துக் கேப்பா. அந்த மரியாதை யாருக்கு வரும்?" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வார். மரியாதையாம்!

அவர் ஓய்வுபெற்று வீட்டோடு ஆன பிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது. மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முன்னறையில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. குளியலறையில் யாரோ விளக்கை அணைக்காமல் விட்டிருந்தார்கள். அதற்குத்தான் அந்தக் கத்தல். குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து, அழத் தொடங்கி, மூச்சு உள்ளே போனது வெளியே வராமல் நீலமாகிப்போனது. மகள் அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி மூச்சைத் திருப்பினாள். திருப்பிய கையோடு குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள்.

"அப்பா, நீங்க கெட்டவர்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நான் வளந்த மாதிரி என் பொண்ணு வளர வேணாம். பேசறதுக்குக் கத்துக்கிட்டீங்கன்னா சொல்லுங்க, வர்றேன்" என்றாள்.

"போறவ போ! எவன் உன்னைக் கூப்பிட்டான்?" என்று படியின் மேலிருந்து கத்தினார் சங்கு. கத்தி முடித்துத் திரும்பினால், மனைவி சுவரோடு சுவராக நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

உடனே திருந்திவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கு அவ்வளவு சுலபத்தில் மசிகிற ஆள் இல்லை. பல வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். அவரை அசைத்தது பக்கத்து வீட்டுப் பெண். அவள் தன் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "வாயைத் திறக்கலைன்னா பாரு, சங்குத் தாத்தாவைக் கூப்பிட்டுடுவேன்" என்று மிரட்டியது ஜன்னல் வழியாக இவர் காதில் விழுந்தது. பையன் அவசர அவசரமாக விழுங்கினான். சங்கு கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார். குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் பூதத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். இந்தத் தெருவில் அந்த வேலை தனக்கு வந்திருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் குளிக்கப் போகும்போது துண்டைத் தானே எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். சபதமும் இல்லை, சத்தியமும் இல்லை. துண்டைக் கையோடு கொண்டுபோனால் துண்டுக்காகக் கத்தவேண்டியதில்லை என்று ஒரு கத்தலைக் கழித்தார். அது பழகிய பிறகு, வேறு அறையில் இருக்கும் மனைவியைக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து போய், பக்கத்தில் நின்று கேட்டார். தறியைச் சரிசெய்கிற ஃபிட்டருக்கு இந்த வித்தை புதிதல்ல. திருகை ஒரேயடியாக முறுக்கினால் நூல் அறுந்துபோகும். கொஞ்சம் திருப்பி, ஓடவிட்டுப் பார்த்து, நூல் தாங்கினால் அடுத்த திருப்பு. இயந்திரத்துக்கு இவ்வளவு காலம் காட்டிய பொறுமையை வீட்டு மனுஷிக்கும் காட்டலாமே என்று அவருக்கு அந்த வயதில்தான் தோன்றியது.

குரலை இறக்க ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அதை அலறவிட்டுக்கொண்டேதான் வேலை செய்வாள். அந்தச் சத்தத்துக்கு மேல் தன் குரல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டார். அது கைக்கு வந்ததும் குமிழை ஒரு மயிரிழை குறைத்தார். பிறகு இன்னொரு மயிரிழை. சில நாள் சறுக்கும். தண்ணீர் கேன் போடுகிறவர் தாமதமாக வந்தார் என்று ஒருநாள் பழைய சங்கு ஊதிவிட்டது. அன்று தெருமுனை வரை அவர் பின்னாலேயே ஓடி, மூச்சிரைக்க, "தப்பா எடுத்துக்காதப்பா" என்றார். அந்த ஆள் பயந்துபோய் அடுத்த நாள் விடிவதற்குள் தண்ணீர் கொண்டுவந்தார்.

பழகப் பழக ஒன்றைக் கண்டுபிடித்தார். வாயை அகலமாகத் திறந்தால்தான் குரல் பிய்த்துக்கொண்டு வருகிறது. உதட்டை அதிகம் பிரிக்காமல், முகத்தைச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு பேசினால் கத்த நினைத்தாலும் கத்த முடியாது. வால்வைப் பாதி மூடிய மாதிரி. இந்தக் கண்டுபிடிப்பில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. கொஞ்ச நாளில் கடைக்காரர், "என்ன அண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. சங்கு உதட்டைப் பிரிக்காமல் சிரித்தார்.

வீடு அமைதியானது. மனைவியும் அமைதியானாள். முன்பெல்லாம் எதற்கும் பதிலுக்குப் பதில் முணுமுணுப்பாள். இப்போது சிரிப்பாள், தலையாட்டுவாள், உள்ளே போய்விடுவாள். ரேடியோவைத் தொடுவதே இல்லை. பாவம், இத்தனை காலம் கழித்து இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள் என்று சங்கு நினைத்துக்கொண்டார். சில சமயம் டீ கேட்டால் தண்ணீர் வரும். முன்பென்றால் டம்ளர் பறந்திருக்கும். இப்போது வாய் பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு, தன்னைத் தானே மெச்சிக்கொள்வார். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவாள், தண்ணீர் கொட்டுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். இவர் எழுந்துபோய் மூடுவார். பால் பொங்கி வழிந்தாலும் அப்படித்தான். அவள் செய்த ஒவ்வொரு பிசகும் தன் பொறுமைக்கு வைத்த பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் பாஸ் ஆனார். மனுஷன் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் எங்கே கண்ணுக்குத் தெரிவார்?

ஒரு சாயங்காலம் அவள் பால்கனியில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சங்கு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பல நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்ததைச் சொல்லிவிடவேண்டும் என்று வந்திருந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்கிட்ட ரொம்பக் கத்திட்டேன். உன் மேல தப்பே இருக்காது, இருந்தாலும் கத்துவேன். வெளியே யார்கிட்டயும் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து உன்கிட்டக் காட்டினேன். நீ எப்படித்தான் என்னோட இருந்தியோ. மன்னிச்சுடு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அவள் சிரித்தாள். தலையை ஆட்டினாள். மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் இவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாளே என்று அன்று முழுக்க நினைத்து நினைத்து உருகினார். பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. மறுநாள் காலையிலேயே மகளுக்குப் போன் போட்டார்.

"வாம்மா. பிள்ளையையும் கூட்டிட்டு வா."

"யாரு பேசறது?"

"அப்பாதான்."

அந்தப் பக்கம் மகள் அழுவது கேட்டது.

அந்த வாரக் கடைசியிலேயே வந்துவிட்டாள். பேத்தி இப்போது நடந்தாள், ஓடினாள், மழலை பேசினாள். கதவோரம் நின்று தாத்தாவை அளந்து பார்த்தாள். சங்கு தரையில் உட்கார்ந்து, தன் புதுக் குரலில், "வாங்க, பெரிய மனுஷி" என்றார். பெரிய மனுஷி யோசித்து யோசித்து வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டு, அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். மகள் அம்மாவைப் பார்த்து, "என்னம்மா மாயம் பண்ணினே இவரை?" என்றாள். அம்மா சிரித்தாள், தலையாட்டினாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு எல்லோரும் முன்னறையில் இருந்தார்கள். மனைவி ஜன்னலைப் பார்த்து, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று குழந்தையின் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி அவளுக்குப் பின்னால் போய், "பாட்டி" என்றாள். பாட்டி திரும்பவில்லை. பேத்தி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு விளையாட்டாக மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டை இழுத்துத் தள்ளினாள். அது தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, அறையே அதிரும்படி சத்தம் போட்டு அடங்கியது. சங்கு துள்ளிவிட்டார். மனைவி பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் எழுந்துபோய் அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "அம்மா, உனக்குக் காது கேக்குதா?" என்றாள். பதற்றத்தில் வாயை நன்றாகத் திறந்துதான் கேட்டாள். அதனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள். மாட்டிக்கொண்டவள் மாதிரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"மில்லுலேயே பாதி போயிடுச்சும்மா. அப்பா கத்தினா விழும். விழாததை வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். அந்தப் பழக்கம்தான் இருக்கே. கொஞ்சம் கொஞ்சமா மீதியும் போயிடுச்சு."

"டாக்டர்கிட்டப் போகலையா?"

"போனேன், தனியா. நரம்பு போயிடுச்சாம். மிஷின் வச்சாலும் பெரிசா ஒண்ணும் இல்லைன்னுட்டாரு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லலை? அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் மகளை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடவா புரியவில்லை என்கிற பார்வை. "எப்படிம்மா சொல்றது? அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுக் குரலை இறக்கினாரு தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமா, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் போய்க் காது கேக்கலைன்னு சொன்னா, மறுபடியும் ஏத்துவாரு. அப்புறம் நீ எப்படி வருவே? பிள்ளையை எப்படிக் கூட்டிட்டு வருவே?"

பேத்தி தட்டை எடுத்து மறுபடி மேஜையில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

சங்குவுக்கு முதலில் ஞாபகம் வந்தது பால்கனிதான். மகளிடம், "அன்னிக்குப் பால்கனியில துணி மடிக்கறப்போ அவகிட்ட ஒண்ணு சொன்னேன். அது புரிஞ்சுதான்னு கேளும்மா" என்றார். மகள் அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாயை வளைத்துக் கேட்டாள்.

"அன்னிக்கா?" என்று யோசித்தாள் மனைவி. "ஏதோ சொன்னாரு. குனிஞ்சுக்கிட்டிருந்ததால வாய் தெரியலை. நிமிர்ந்து பாத்தப்போ முகம் நல்லா இருந்துச்சு. அதான் தலையாட்டினேன்."

அப்போது சங்கு செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரே எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றார். இத்தனை காலமாக மயிரிழை மயிரிழையாக இறக்கியதை ஒரே மூச்சில் ஏற்றினார். "என்னை மன்னிச்சுடுன்னு சொன்னேன்டி! மன்னிச்சுடு!" என்று கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தக் குரலை அவருக்கு ஒரே விதமாகத்தான் போடத் தெரியும். குரலோடு பழைய முகமும் வந்துவிட்டது. கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, தாடை இறுகி, அச்சு அசல் அதே முகம். பேத்தி வீறிட்டாள். மனைவியின் காதில் எதுவும் விழவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். அவள் உடம்பு குறுகியது. சுவரோரம் ஒதுங்கினாள், ஒரு கை மார்புக்குப் போனது.

"கோபப்படாதீங்க" என்றாள். "சொல்லாதது தப்புதான். நாளைக்கே போய் மிஷின் வச்சுக்கறேன். பிள்ளை பயப்படுது, கத்தாதீங்க."

சங்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அவள் கிளம்பிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். கிளம்பியிருந்தாலும் அவரால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவள் கிளம்பவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் போய், "அப்பா திட்டலைம்மா" என்றாள்.

"திட்டலையா? பின்னே என்ன சொன்னாரு?"

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அதை நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சங்கு நாற்காலியை இழுத்து மனைவியின் எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவள் இன்னும் பயம் தெளியாமல் உட்கார்ந்தாள். அவர் குனியவில்லை. ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பிக்கொண்டார். குரலே இல்லாமல், வாயை மட்டும் திறந்தார். முதல் வார்த்தையிலேயே உதடு கோணிக்கொண்டது. தாடை நடுங்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் உதடு அவர் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணீர் வழிந்து வாயோரம் இறங்கியது.

அவள் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, அவர் வாயையே உற்றுப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"அழுதுக்கிட்டே சொன்னா எனக்கு எப்படிங்க புரியும்?" என்றாள். "அழுது முடிச்சுட்டுச் சொல்லுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."